கடைசி எழுத்துக்கு லீவு

வெள்ளைப் பலகையில் ஷீபா எழுதியது இரண்டே இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள்தான். 'நோ லெக்சர்!' பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றையும் வரைந்து வைத்தாள்.

எட்டாம் வகுப்புக்கு அந்த வருஷத்தின் முதல் நூலகப் பீரியட் அது. பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 'இன்றைக்கு நான் பேசி அறுக்கப்போவதில்லை, நீங்கள் பாட்டுக்குப் படியுங்கள்' என்பதுதான் இங்கிலீஷ் டீச்சரான ஷீபா சொல்ல வந்தது. பலகையைப் பார்த்ததும் வகுப்பே கைதட்டியது.

கடைசி மேசையில் மூன்று பேர் மட்டும் தட்டவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மெதுவாக எழுந்தார்கள். கையிலிருந்த புத்தகங்களை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! அந்த நூலகத்துக்குப் பொறுப்பாளர் நான். அலமாரி அலமாரியாகத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, வாசலில் காகித மீன்களெல்லாம் கட்டித் தொங்கவிட்டு வைத்திருந்தேன். படி என்று சொன்ன நிமிஷத்தில் புத்தகத்தைத் திருப்பி வைக்கிறார்களே, என்ன திமிர் என்று பல்லைக் கடித்தேன்.

கடித்தது வீண் என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அந்தக் கதையை எழுத எத்தனை வாரமாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? இப்போது உட்கார்ந்தால் பேனாவைவிடக் கை முன்னால் ஓடுகிறது.

மூன்று பேரும் ஒரு தங்கச்சியும்

பள்ளிக்கூடம் வளைகுடாவில், ஜெபல் அலிப் பக்கம். நூலக ஜன்னலில் நின்றால் தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். முகக்கவசங்களெல்லாம் அலமாரிக்குள் போய், பிள்ளைகளின் முழு முகத்தை நாங்கள் மறுபடி பார்க்க ஆரம்பித்திருந்த காலம்.

மலையாளம், தமிழ், உருது, பிலிப்பைன்ஸ் பாஷை என்று பல வீட்டுப் பிள்ளைகள். வகுப்புக்குள் வந்துவிட்டால் எல்லாருக்கும் இங்கிலீஷ்தான். இந்த மூன்று பேருக்கு மட்டும் அது வரவில்லை. அவர்களுக்குள் பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாமே பிரெஞ்சில்.

மரியம் செனகல் நாட்டுப் பெண். ஜாத் லெபனான்காரப் பையன். மூன்றாவது துவாரகா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பாரிஸ். அப்பாவுக்கு ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். இனிமேல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான் சோறு போடும் என்பது அவருடைய தீர்மானம். அதனால் எங்கள் பள்ளிக்கூடம்.

துவாரகாவுக்கு ஒரு நிபந்தனையோடுதான் இடம் கொடுத்திருந்தார்கள். முதல் பருவம் முடிவதற்குள் சூப்பர்வைசர் மேடம் முன்னால் இங்கிலீஷில் ஒரு பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒரு வகுப்புக் கீழே, ஏழாவதுக்கு.

அந்த ஏழாவதில் யார் இருந்தது தெரியுமா? அவளுடைய சொந்தத் தங்கச்சி மிது! அக்காவும் தங்கச்சியும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்வதா? தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மிது அதை என்னிடம் நேராகவே சொன்னாள். "அக்கா என்ர கிளாசுக்கு வந்தா நான் பேரை மாத்திக்கொண்டு வேற ஸ்கூலுக்குப் போயிடுவன், மதாம்."

மேடம் இல்லை, 'மதாம்'. பாரிஸ் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதல் நாள் கேட்டபோது எனக்கு ஏதோ பட்டம் கிடைத்தது மாதிரி இருந்தது.

பாண்டிச்சேரிக்காரி படும் பாடு

இந்த இடத்தில் கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாண்டிச்சேரிக்காரி. வளைகுடாவில் எந்த வேலைக்குப் போனாலும் என் பயோடேட்டாவில் ஊர்ப் பெயரைப் பார்த்தவுடன் எதிரே இருப்பவர் முகம் மலரும். "ஓ, பாண்டிச்சேரி! அப்போ பிரெஞ்சு தெரியும்!" தெரியாது என்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். சத்தியமாகத் தெரியாது என்றால் இன்னும் அடக்கம்!

எங்கள் ஊரில் பிரெஞ்சு என்பது எல்லார் வீட்டுக் குழாயிலும் வருகிற தண்ணீர் இல்லை. பள்ளியில் தமிழா பிரெஞ்சா என்று கேட்டபோது நான் தமிழ் எடுத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் தெருவில் புழங்கியதுதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் 'சொல்தா'. நகராட்சிக் கட்டடம் 'மெரி'. பெரிய பள்ளிக்கூடம் 'லிசே'. இதை வைத்துக்கொண்டு டீக்கடையில் ஒரு டீ கூட வாங்க முடியாது.

ஆனால் பள்ளியில் யார் கேட்டார்கள்? மூன்று பேரும் வந்து சேர்ந்த வாரமே சூப்பர்வைசர் மேடம் சொல்லிவிட்டார்கள்: "பிரெஞ்சுப் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் லைப்ரரிக்கு அனுப்புங்கள். அங்கே பாண்டிச்சேரி மேடம் இருக்கிறார்."

முதலில் வந்தவன் ஜாத். ஒரு புத்தகத்தை என் மேசையில் வைத்துப் பையிலிருந்து இருபது திர்ஹாம் நோட்டை நீட்டினான். நான் வேண்டாம் என்றேன். நோட்டு போதவில்லை என்று நினைத்தானோ என்னவோ, புத்தகத்தை வைத்துவிட்டு வருத்தத்தோடு போனான். அவர்கள் பாஷையில் 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடையாம்! இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

துவாரகாவின் அம்மா வந்தார்

வாரங்கள் ஓடின. ஷீபா நல்ல டீச்சர், கோட்டயத்துப் பெண், பிள்ளைகளை அடிக்கமாட்டாள், திட்டமாட்டாள். சத்தம் அதிகமானால் பலகையில் ஓரமாக 'லெக்சர்' என்று தலைப்புப் போட்டு, சத்தம் போட்டவர்கள் பெயரை அதன் கீழே எழுதுவாள். வகுப்பு முடிந்ததும் அவர்களை நிறுத்திவைத்து ஒழுக்கத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவாள். அவ்வளவுதான் தண்டனை.

இவர்கள் மூன்று பேரும் நூலகப் பீரியடில் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் வாங்க யோசிப்பார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் படிப்பதில் நாட்டமில்லை என்று ஆசிரியர் அறையில் பேச்சு ஆகிவிட்டது. நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு நாள் காலை துவாரகாவின் அம்மா நூலக வாசலில் வந்து நின்றார். வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"மிஸ், குறை நினையாதேங்கோ. ஒண்டு கேக்கோணும்."

"சொல்லுங்கம்மா."

"பிள்ளை பாரிசில இருக்கேக்க புத்தகமும் கையுமாத்தான் திரிஞ்சவள். சாப்பிடேக்கையும் புத்தகம், பஸ்ஸிலயும் புத்தகம். பறிச்சு வைச்சாத்தான் நித்திரைக்குப் போவாள். இஞ்ச வந்து ஒண்டையும் தொடுறாளில்லை. ஏனெண்டு கேட்டன். 'இஞ்ச வாசிக்கிறது பனிஷ்மென்ட் அம்மா' எண்டு சொல்லுறாள். அப்பிடியோ மிஸ் உங்கட ஸ்கூலில?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரும்மா அப்படிச் சொன்னது? கூப்பிடறேன் இருங்க."

துவாரகா வந்தாள். ஒல்லியான பெண், இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினாள்.

"மிஸ் ஷீபாதான் எழுதினவா. பிழை செய்யிற ஆக்கள்ற பேரை எழுதி, மேல 'லெக்த்யூர்' எண்டு போடுறவா. நல்லா இருந்தா 'நோ லெக்த்யூர்' எண்டு எழுதிச் சிரிக்கிற முகம் போடுறவா. எல்லாரும் கை தட்டுறவை."

"லெக்த்யூரா? அது என்னம்மா?"

இப்போது அவள்தான் என்னை அதிசயமாகப் பார்த்தாள். பாண்டிச்சேரிக்காரிக்கு இது தெரியாதா என்று நினைத்திருப்பாள். "வாசிக்கிறது, மதாம். பிரெஞ்சில லெக்த்யூர் எண்டா வாசிப்பு."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாள். எல், இ, சி, டி, யு, ஆர், இ. இங்கிலீஷ் லெக்சரின் அதே ஏழு எழுத்து, அதே வரிசை!

அடக் கடவுளே! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தப் பிள்ளைகள் பாவம், என்ன நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் பாருங்கள். இது ஒரு விசித்திரமான பள்ளிக்கூடம். இங்கே தப்புச் செய்தால் வாசிக்க வைப்பார்கள். நன்றாக நடந்துகொண்டால் இன்று வாசிப்பு கிடையாது என்று எழுதுவார்கள், பிள்ளைகள் கைதட்டிக் கொண்டாடுவார்கள். முதல் நாள் அந்த மூன்று பேரும் புத்தகத்தைத் திருப்பி வைத்தது திமிரே இல்லை. அந்த வகுப்பில் சொன்னபடி கேட்டவர்களே அவர்கள்தான்!

அன்று மதியம் ஷீபாவிடம் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எண்டெ தெய்வமே! சேச்சி, அப்போ நான் இத்தனை நாளா புக்கைக் காட்டியா பயமுறுத்திட்டு இருந்தேன்?"

"நீயும் நானும் சேர்ந்துதான் ஷீபா. நீ எழுதினே, நான் வேடிக்கை பார்த்தேன்."

கோ, போ

விஷயம் தெரிந்தது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று துள்ளினேன். ஆகவில்லை. துவாரகா அன்றே இரண்டு புத்தகம் எடுத்துப் போனாள், அது உண்மை. ஆனால் சத்தமாக வாசி என்றால் வாயைத் திறக்கமாட்டாள். பரீட்சையோ சத்தமாக வாசிப்பதுதான்.

காரணம் முதல் மாதமே நடந்த ஒரு சம்பவம். ஷீபா அவளை எழுப்பி ஒரு வரி வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒருவன் தான் மாட்டியிருந்த கோட்டைப் போட்டில், அதாவது படகில், விட்டுவிட்டுப் போனான் என்பது மாதிரியான வரி. பிரெஞ்சில் பெரும்பாலும் வார்த்தையின் கடைசி எழுத்தைச் சொல்வதில்லை. பழக்கதோஷத்தில் இவளும் 'டி'யைச் சொல்லவில்லை. கோட் 'கோ' ஆயிற்று. போட் 'போ' ஆயிற்று.

வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. இங்கிலீஷ் 'கோ' என்றாலும் தமிழ் 'போ' என்றாலும் ஒன்றுதானே! "போறோம் மிஸ், போறோம்" என்று ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டானாம். வகுப்பு குலுங்கியது. அன்றோடு துவாரகாவின் வாய் பூட்டிக்கொண்டது. நடைபாதையில் அவளைப் பார்த்தால் "கோ... போ..." என்று பாடுகிற கூட்டம் ஒன்றும் உருவானது. ஷீபா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். துவாரகா வாய் திறக்கவே இல்லை.

பருவம் முடிய மூன்று வாரமோ என்னவோ இருந்தது. மிது தினமும் இடைவேளையில் ஓடி வந்து என்னிடம் கேட்பாள். "அக்கா வாசிச்சவளோ?" இல்லை என்றால் முகம் விழுந்துவிடும். வேற ஸ்கூல், வேற பேர் என்று வீறாப்புப் பேசினாலும் உள்ளுக்குள் அவளுக்குத்தான் பயம் அதிகம். அக்கா கீழே வருவதை அவளால் பார்க்க முடியாது.

மீசை தொலைத்த ரொட்டிக்காரர்

வெளியே விளையாட முடியாத வெயில். இடைவேளைகளில் மூவரும் மிதுவும் நூலகத்துக்கு வந்துவிடுவார்கள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப்போன அட்டைப்பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் கிளறிய மரியம் ஒரு பிரெஞ்சுப் படக்கதையை எடுத்துவிட்டாள். ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மீசை தொலைந்துபோகிற கதை. நாலு தலையும் அதன் மேல் கவிழ்ந்தன.

"மதாம், நீங்க வாசியுங்கோ" என்றாள் மிது.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதும்மா."

"பொய்! நீங்க பொந்திஷேரி. நாங்க பாரிசில படிச்சனாங்கள். பொந்திஷேரியில எல்லாரும் பிரெஞ்சு கதைப்பினம்."

வந்ததே ஆத்திரம்! வேலை கொடுத்தவர்கள் நம்பவில்லை, சூப்பர்வைசர் நம்பவில்லை, இப்போது இந்தச் சுண்டைக்காயும் நம்பவில்லை. "கொண்டா இங்கே. படிச்சே காட்டறேன். அப்பவாவது நம்பறீங்களா பாக்கறேன்."

தெரியாது என்று நிரூபிப்பதற்காகவே படித்தேன். தமிழச்சி படிக்கிற மாதிரி படித்தேன், எழுதியிருக்கிற ஒரு எழுத்தையும் விடாமல்! ரொட்டிக்காரரை 'லே பவுலாங்கெர்' என்றேன். மீசை 'மவுஸ்டாசே' ஆனது. 'போகூ' என்று சொல்ல வேண்டிய வார்த்தையை 'பியாவுகவுப்' என்று முழங்கினேன்.

முதலில் ஜாத் மேசைக்கு அடியில் போனான். மரியம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மிது தரையில் உட்கார்ந்தே விட்டாள். துவாரகா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் விடவில்லை. "இல்ஸ் பார்லென்ட்" என்று அடுத்த வரியைப் பிடித்தேன். அவர்கள் பேசுகிறார்கள் என்று அர்த்தமாம்.

"ஐயோ மதாம், நிப்பாட்டுங்கோ!" துவாரகாதான் கத்தினாள். என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். "இல் பார்ல்! அவ்வளவும்தான். இப்பிடி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ரொட்டிக்காரருக்கு ஒரு குரல், அவர் பெண்டாட்டிக்கு ஒரு குரல், மீசைக்கே கூட ஒரு குரல். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் மீசை எங்கே போனது என்று தெரிந்துகொள்ள நான் தவித்த தவிப்பு இருக்கிறதே! அட, இந்தப் பெண்ணா வாய் திறக்காதவள்? நான் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன்.

டூட்டியும் லீவும்

மூச்சு வாங்கியதும் நான் சண்டைக்குப் போனேன். "அது சரி, 'பார்லென்ட்'ல கடைசி மூணு எழுத்து எங்கே போச்சு? எழுதிட்டுப் படிக்கமாட்டீங்களா? அப்புறம் எதுக்கு எழுதறீங்க?"

மிதுதான் யோசித்துச் சொன்னாள். "அவைக்கு இண்டைக்கு லீவு, மதாம்."

அவர்கள் வீட்டில் நாள் முழுக்க ஓடுகிற பேச்சு அதுதான். அப்பாவுக்கு இன்று டூட்டியா லீவா, இந்த வாரம் லீவு எந்தக் கிழமை, கூப்பிட்டால் போக வேண்டுமா. பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். மரியத்துக்கும் ஜாத்துக்கும் மிது உடனுக்குடன் பிரெஞ்சில் சொல்லிவிடுவாள்; அந்த ஒரு வார்த்தையில் எல்லாருக்கும் தெம்பு வந்துவிட்டது. பிரெஞ்சில் கடைசி எழுத்துக்கு லீவு. சில சமயம் கடைசி மூன்றுக்கும் சேர்த்துக் குரூப் லீவு. மூன்று எழுத்து சேர்ந்து 'ஓ' என்று ஒரே ஒரு சத்தம் போடுகிற இடமும் இருந்தது. ஒரு கதவைத் திறக்க மூணு வாட்ச்மேனா என்று கேட்டேன். மறுபடி சிரிப்பு.

"தமிழில ஆருக்கு லீவு?" என்று கேட்டாள் துவாரகா. அவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"தமிழ்ல யாருக்குமே லீவு கிடையாது. எழுதினா டூட்டிதான்."

"பாவம்!" என்றார்கள் அக்காவும் தங்கச்சியும் ஒரே குரலில்.

"இரு, ஒருத்தருக்கு மட்டும் அரை நாள் உண்டு. குற்றியலுகரம்னு பேரு. காசு, பாட்டுன்னு சொல்றோமில்ல, கடைசியில வர்ற 'உ', அவர் முழு நேரம் நிக்கமாட்டார். வெள்ளிக்கிழமை நம்ம ஸ்கூல் மாதிரி சீக்கிரம் கிளம்பிடுவார்."

பள்ளியில் இலக்கணப் பாடத்தில் தூங்கி வழிந்தவள் நான். குற்றியலுகரத்தைச் சொல்லி நாலு பிள்ளைகளை நான் சிரிக்க வைப்பேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்டிருப்பேன். ஆய்த எழுத்தையும் எழுதிக் காட்டினேன். இந்த மூன்று புள்ளிக்காரர் யார் என்றாள் மிது. "அவர் ஆடிட்டர். எப்பவாவதுதான் வருவார்."

அடுத்த நாளே இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். நான் மேசையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என் பங்கு. 'கோட்'டில் டிக்கு டூட்டி. 'போட்'டில் டிக்கு டூட்டி. கத்திக்கு இங்கிலீஷில் முதல் எழுத்தே லீவு. நடுவில் நிற்கிறவர்கள் கூடச் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டார்கள்.

"இங்கிலீஷில ஒரு முறையுமில்லை" என்று துவாரகா எரிச்சல்பட்டாள்.

"அப்பான்ர கொம்பனி மாதிரித்தான்" என்றாள் மிது. "எப்ப லீவு, எப்ப டூட்டி எண்டு அண்டைக்குக் காலமைதான் தெரியும்."

அதன்பின் பிழை வந்தால் அழுகை இல்லை. "அவருக்கு டூட்டி!" என்று மூன்று பேர் கத்துவார்கள், அவள் திரும்ப வாசிப்பாள். நடைபாதையில் "கோ... போ..." என்று பாடிய கூட்டத்துக்கு ஒரு நாள் அவளே நின்று பதில் சொன்னாள். "கோட்ட்ட். போட்ட்ட்." வாயைப் பார்த்தபடி நின்றுவிட்டார்களாம்.

பூங்கொத்து

பரீட்சையை நூலகத்திலேயே வைத்தார்கள், இடம் அமைதியாக இருக்கும் என்று. சூப்பர்வைசர் மேடம் நடுவில். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஷீபா, நகத்தைக் கடித்துக்கொண்டு. நான் என் மேசையில் ஏதோ வேலை இருப்பதாகப் பாவனை செய்தேன். அடுக்கிய புத்தகங்களையே எடுத்து எடுத்து அடுக்கினேன்.

மேடம் கொண்டுவந்திருந்த கதை, ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் டீச்சரைப் பார்க்கப் போகிற ஒரு பெண்ணைப் பற்றியது. துவாரகா ஆரம்பித்தாள். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது பத்தியில் நிமிர்ந்தது. ஒவ்வொரு கடைசி எழுத்தையும் உயிரைக் கொடுத்து அடித்தாள். யாருக்கும் லீவு இல்லை. மேடத்தின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

திடீரென்று நின்றுவிட்டாள்.

ஷீபா என்னைப் பார்த்தாள். நான் எம்பி எம்பிப் பார்த்தேன். அந்தப் பெண் டீச்சருக்காக வாங்கிப் போகிற பூங்கொத்து, அந்த வார்த்தையில் நின்றிருந்தாள். 'பொக்கே'. கடைசி எழுத்து டி!

இத்தனை நாள் படாதபாடு பட்டு டிக்கெல்லாம் டூட்டி போட்டிருக்கிறாள். இப்போது இதற்கும் போட்டு 'பொக்கெட்' என்று சொல்லிவிட்டால்? எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது, லீவு, லீவு என்று. கத்தினால் அவள் தொலைந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அந்த வார்த்தையையே உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது, கூட்டத்தில் சொந்த ஊர்க்காரரைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. நிமிர்ந்து மேடத்தைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள்: "மேடம், இது எங்கள் வார்த்தை."

சொல்லிவிட்டு, "புக்கே" என்று பாரிஸ் வாயால் அழகாகச் சொன்னாள். மேலே வாசித்துக்கொண்டே போனாள்.

பக்கம் முடிந்தது. "இனஃப்" என்றார் மேடம்.

துவாரகா புத்தகத்தைக் கொடுக்கவில்லை. "மேடம், இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. டீச்சர் பிழைக்கிறாரா என்று தெரிய வேண்டும். முடித்துவிடட்டுமா?"

ஷீபாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சர் பிழைத்துக்கொண்டார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் மேடம் முகத்தில் ஒரு குறிப்பும் காட்டவில்லை. "சொல்லி அனுப்புகிறேன்" என்று கிளம்பிவிட்டார். கதவுக்கு வெளியே காத்திருந்த மிது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லிட்டிருந்தது.

பலகை

அடுத்த நூலகப் பீரியட். எட்டாம் வகுப்பு வந்து உட்கார்ந்தது. துவாரகாவும் வந்தாள், ஒருவேளை அந்த வகுப்போடு கடைசித் தடவையாக. மரியம் ஒரு பக்கமும் ஜாத் ஒரு பக்கமும் காவலுக்கு மாதிரி உட்கார்ந்தார்கள்.

ஷீபா கொஞ்சம் தாமதமாக வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய்ப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். முதல் வரியில் 'லெக்சர் டுடே'. அதன் கீழே 'துவாரகா'. அதற்கும் கீழே, எண்ணாக எழுதாமல், ஒவ்வொரு எழுத்தாக, 'கிரேடு எயிட்'.

வகுப்பு "ஐயோ" என்று முனகியது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் திரும்பி, "ஸாரி யா, என்ன பண்ணினே?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். போன மாதம் அவளைப் பார்த்துக் கோ, போ என்று பாடியவன் அவன்தான். அத்தனை பேரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஒரு தப்பும் செய்யாத பிள்ளைக்குப் பெயர் எழுதித் திட்டா என்று அவர்களுக்கு.

மரியமும் ஜாத்தும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பலகையை 'லெக்த்யூர்' என்று சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் ஐந்தே பேர்தான், என்னையும் ஷீபாவையும் சேர்த்து. ஷீபா சிரிக்கிற முகத்தை வரையப் போனாள். அவசரத்தில் அது கோணலாக வந்தது.

துவாரகா எழுந்தாள். பலகையின் கடைசி வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் தடவினாள். நடுவில் இருக்கிற ஜிக்கும் எச்சுக்கும் லீவு. கடைசியில் டி நின்றது. அதற்கு டூட்டி.

"எயிட்ட்ட்!" என்று கத்தினாள். பக்கத்து ஏழாம் வகுப்பில் மிதுவுக்குக் கேட்டிருக்கிறது. நூலகத்துக்கும் அந்த வகுப்புக்கும் நடுவில் இருந்த சுவரை அவள் அங்கிருந்து தட்டிய தட்டில், என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் கீழே விழுந்தது.